நெருப்பும் பனியும் செதுக்கிய அருவி

நுழையும்முன்

உயரத்திலிருந்து ஆர்ப்பரித்து விழும் அருவி காண்பவர் உள்ளத்தைக் கவர்கிறது. ஆனால், அவ்வருவி அவ்விடத்தில் தோன்றியது எவ்வாறு? இன்றளவும் அருவியாகவே நீடிப்பது எவரால்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் பயணமே இப்பாடம். எரிமலைகளும் பனியாறுகளும் அருகருகே அமைந்த ஐஸ்லாந்து நாட்டின் குல்ஃபாஸ் அருவி, இயற்கையின் ஆற்றலையும் ஒரு பெண்ணின் உள்ளத்துறுதியையும் ஒருங்கே எடுத்துரைக்கிறது.

பனியின் பெயர், நெருப்பின் நிலம்

உலகப் படத்தில் வட அட்லாண்டிக் பெருங்கடலை உற்றுநோக்கினால், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டித் தனித்து நிற்கும் ஒரு தீவு தென்படும். அதுவே ஐஸ்லாந்து. ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்நாடு, தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அளவினது. மக்கள்தொகையோ ஏறத்தாழ நான்கு லட்சம் மட்டுமே.

ஐஸ்லாந்து என்னும் பெயருக்குப் 'பனிநாடு' என்பது பொருள். பெயருக்கேற்ப, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பனியாறுகள் மூடியுள்ளன. எனினும், அந்நிலத்தின் அடியில் உறைவது பனியன்று, நெருப்பு. அங்கு ஏறத்தாழ முப்பது எரிமலைத் தொகுதிகள் இன்றும் உயிர்ப்புடன் உள்ளன. 2010ஆம் ஆண்டில் பனியாற்றின்கீழ் அமைந்த ஓர் எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் வானில் பரவி, ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்தைப் பல நாள்கள் முடக்கியது. 1783இல் லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்து, எட்டு மாதங்கள் பாறைக்குழம்பு பெருகிற்று. அதிலிருந்து வெளிப்பட்ட நச்சு வளிகளால் புல்வெளிகள் கருகின, கால்நடைகள் மடிந்தன, தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் உயிரிழந்தனர்.

அழிக்கும் இந்நெருப்பே அந்நிலத்தை ஆக்கிய நெருப்பும் ஆகும். ஐஸ்லாந்து முழுமையும் கடலின் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு பெருகி, குளிர்ந்து, இறுகி எழுந்த நிலமே. அந்நிலத்தின் இயல்பை அறிந்துகொண்டால்தான் அங்குள்ள அருவியின் இயல்பும் விளங்கும். ஆகவே, அருவிக்குச் செல்லும் வழியில் இரண்டு இடங்களில் நாம் சற்று நின்று செல்வோம்.

பிரிந்து செல்லும் பூமி

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக். இப்பெயருக்குப் 'புகை விரிகுடா' என்பது பொருள். தரையின் வெடிப்புகளிலிருந்து எழுந்த நீராவியைத் தொலைவிலிருந்து கண்ட பழங்குடியேறிகள் இப்பெயரிட்டனர் என்பர். அந்நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் திங்வெட்லிர் என்னும் சமவெளியை அடையலாம்.

அங்கு நிலம் பிளந்து கிடக்கிறது. இருபுறமும் கருநிறப் பாறைச் சுவர்கள் எழுந்து நிற்க, நடுவே பாதை செல்கிறது. பார்வைக்குப் பழங்கோட்டை ஒன்றின் மதிற்சுவர்போல் தோன்றும் இப்பாறைகளை எந்த அரசனும் எழுப்பவில்லை. வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதால் உண்டான பிளவுகள் இவை. உலகின் பிற இடங்களில் இவ்விரு தட்டுகளும் விலகும் எல்லை கடலின் ஆழத்தில் மறைந்துள்ளது. ஐஸ்லாந்தில் மட்டுமே அது நீர்மட்டத்திற்கு மேலே நெடுந்தொலைவு வெளிப்பட்டு நிற்கிறது. இத்தட்டுகள் விலகும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது குறைவே. ஆயினும், லட்சக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு விலகும்போது, இடையே தோன்றும் வெளியைப் புவியின் உள்ளிருந்து மேலெழும் பாறைக்குழம்பு நிரப்பிக்கொண்டே வருகிறது. இவ்வாறே ஐஸ்லாந்து வளர்ந்தது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இப்பிளவு நிலத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கி.பி. 930இல் அந்நாட்டு மக்கள் இங்கே திறந்தவெளியில் கூடி, சட்டம் இயற்றவும் வழக்குகளைத் தீர்க்கவும் 'அல்திங்கி' என்னும் பேரவையை அமைத்தனர். உலகின் மிகப் பழைய நாடாளுமன்றங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 2004இல் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நிலையற்ற நிலத்தின்மீது நிலையான சட்டத்தை உருவாக்க முயன்ற மக்கள் அவர்கள். இச்செய்தியை நினைவில் கொள்வோம். அருவியின் கதையிலும் சட்டம் குறுக்கிடுகிறது.

கொதிக்கும் தரை

திங்வெட்லிரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும், பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை வெளிகளைக் காணலாம். அவற்றின்மீது சாம்பல் கலந்த பச்சைநிறப் பாசி, மெத்தைபோல் படர்ந்திருக்கும். உயர்ந்த மரங்கள் அரிது. காற்று தடையின்றி வீசும். சிறிது தொலைவில் தரையிலிருந்து வெண்ணிற ஆவி எழுவது தெரியும். ஹௌகதாலுர் என்னும் அப்பள்ளத்தாக்கில்தான் புகழ்பெற்ற கொதிநீர் ஊற்றுகள் உள்ளன.

நிலத்தடி நீர், அடியிலுள்ள வெப்பப் பாறைகளால் கொதிநிலையைக் கடந்து சூடாகிறது. மேலே உள்ள நீரின் எடை அழுத்துவதால் அது உடனே ஆவியாக இயலாது. அழுத்தத்தை வெல்லும் அளவு வெப்பம் மிகும்போது, நீர் திடீரென ஆவியாகி, மேலுள்ள நீரை வானை நோக்கி உந்தித் தள்ளுகிறது. 'ஸ்ட்ரோக்குர்' என்னும் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை 15 முதல் 20 மீட்டர் உயரத்திற்குப் பீறிட்டெழுகிறது. நீலக் குமிழி ஒன்று முதலில் உப்பி எழும். கண்ணிமைப்பதற்குள் அது வெடித்து, வெண்தூணாக நிற்கும். பின்பு ஆவியாகிக் காற்றில் கரையும்.

தெரிந்து தெளிவோம்

ஹௌகதாலுர் பள்ளத்தாக்கில் உள்ள பழம்பெரும் ஊற்றின் பெயர் 'கெய்சிர்'. கொதிநீர் ஊற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'கீசர்' என்னும் சொல் இப்பெயரிலிருந்தே பிறந்தது. நம் இல்லங்களில் நீரைச் சூடாக்கும் கருவிக்கும் அப்பெயரே வழங்குகிறது. ஐஸ்லாந்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது வீடுகள் புவிவெப்பத்தைக் கொண்டே குளிர்காலத்தில் கதகதப்பூட்டப்படுகின்றன.

அருவியின் முன்னே

கொதிநீர் ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் குல்ஃபாஸ் வந்துவிடும். ஐஸ்லாந்து மொழியில் 'குல்' என்றால் பொன். 'ஃபாஸ்' என்றால் அருவி. எனவே, நாம் அதனைப் பொன்னருவி எனலாம். மாலை வெயில் படும்போது நீர் பொன்னிறம் கொள்வதால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். நீர்த்திவலைகளில் தோன்றும் வானவில்லே காரணம் என்பர் வேறு சிலர்.

வழக்கமாக, அருவியைக் காண நாம் தலையை உயர்த்தி நோக்குவோம். குல்ஃபாஸ் அருவியையோ தலையைத் தாழ்த்தியே நோக்க வேண்டும். அங்கு உயர்ந்த மலை ஏதும் இல்லை. நமக்கு முன்னே ஏறத்தாழ தட்டையான சமவெளியே விரிந்திருக்கிறது. முதலில் செவியில் ஓர் இரைச்சல் மட்டும் கேட்கும். அதன்பின் தரையிலிருந்து எழும் திவலைப் புகை கண்ணில் படும். விளிம்பை அணுகும்போதுதான், நம் காலடிக்குக் கீழே நிலம் பிளந்து ஓர் ஆறு முழுவதும் அதனுள் பாய்வது தெரியும்.

அந்த ஆற்றின் பெயர் ஹ்வீட்டா. இதற்கு 'வெள்ளாறு' என்பது பொருள். அருவிக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள 'லாங்யோகுல்' என்னும் பெரும் பனியாறு உருகித் தரும் நீரே இவ்வாறாகப் பெருகுகிறது. பனியாறு நகரும்போது தன் அடியிலுள்ள பாறைகளை மாவுபோல் அரைக்கிறது. அந்த நுண்துகள்கள் கலந்து வருவதால் நீர் பால்போல் கலங்கித் தோன்றும்.

தெற்கு நோக்கி வரும் ஆறு, அருவியை நெருங்கும்போது மேற்கே திரும்பி, அகன்ற படிக்கட்டுகளில் இறங்குவதுபோல் இறங்குகிறது. பின்பு இரண்டு பாய்ச்சல்களில் கீழே விழுகிறது. முதற்பாய்ச்சலின் உயரம் 11 மீட்டர்; இரண்டாவதன் உயரம் 21 மீட்டர். ஆக மொத்தம் 32 மீட்டர். நீர் விழும் பிளவு, ஆறு வரும் திசைக்குக் குறுக்காக அமைந்துள்ளது. இதனால், சற்று எட்டி நின்று காண்போர்க்கு, ஓர் ஆறு நிலத்திற்குள் புகுந்து மறைந்துவிட்டது போன்ற வியப்பான தோற்றம் கிடைக்கிறது.

உயரத்தைக் கொண்டு மட்டும் அருவியின் ஆற்றலை அளவிட இயலாது. பாயும் நீரின் அளவையும் நோக்க வேண்டும். கோடைக்காலத்தில் இவ்வருவியில் நொடிக்குச் சராசரியாக 140 கன மீட்டர் நீர் பாய்கிறது. இதனை 1,40,000 லிட்டர் எனலாம். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ பன்னிரண்டு லாரிகளின் நீர் ஒவ்வொரு நொடியும் அப்பிளவில் கொட்டுகிறது. குளிர்காலத்தில் இவ்வளவு நொடிக்கு 80 கன மீட்டராகக் குறைகிறது. அப்போது அருவியின் ஓரங்கள் பளிங்குபோல் உறைந்து நிற்க, நடுவே மட்டும் நீர் பாய்ந்துகொண்டிருக்கும். பாதையும் பனிக்கட்டியால் மூடப்படுவதால், நீருக்கு அருகே செல்லும் கீழ்ப்பாதையை அக்காலத்தில் அடைத்துவிடுகின்றனர்.

பாறைகள் எழுதிய வரலாறு

அருவியின் அருகே நின்று, எதிர்ப்புறப் பாறைச் சுவரை உற்றுநோக்கினால் அது ஒரே பாறையன்று என்பது புலப்படும். அடுக்கி வைத்த நூல்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள் தெரியும். அவற்றுள் சில கரிய, உறுதியான படலங்கள். அவை எரிமலைக் குழம்பு இறுகியதால் உண்டான பசால்ட் பாறைகள். தக்காணப் பீடபூமியின் வடமேற்குப் பகுதியை மூடியிருப்பதும் இவ்வகைப் பாறையே. கரிய படலங்களுக்கு இடையே மணலும் கூழாங்கல்லும் சேறும் படிந்து உருவான மென்மையான படலங்கள் உள்ளன. எரிமலை ஓய்ந்திருந்த காலங்களில் ஆறுகளும் பனியாறுகளும் கொண்டுவந்து சேர்த்தவை அவை. ஆகவே, நெருப்பு ஒரு பக்கம் எழுத, பனி மறுபக்கம் எழுதிய நூல் அப்பாறைச் சுவர்.

அருவி தோன்றிய காரணமும் இப்படலங்களிலேயே அடங்கியுள்ளது. ஓடும் நீர், மென்மையான படலத்தை எளிதில் அரித்துவிடுகிறது. உறுதியான பசால்ட் படலமோ எளிதில் தேய்வதில்லை. கீழுள்ள மென்படலம் அரிக்கப்பட்டுக் குடைவானபின், மேலுள்ள பாறை தாங்குவாரின்றி உடைந்து விழுகிறது. உடைந்த இடத்தில் செங்குத்தான படி ஒன்று உருவாகிறது. குல்ஃபாஸ் அருவியின் இரு பாய்ச்சல்களும் இத்தகைய இரு பசால்ட் படிகளின் விளிம்பில் நிகழ்பவையே.

பாறை உடைய உடைய, அருவி சிறிது சிறிதாக ஆற்றின் மேற்பகுதியை நோக்கிப் பின்வாங்குகிறது. அது விட்டுச்சென்ற வழித்தடமே அருவிக்குக் கீழே ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மலையிடுக்கு. அதன் சுவர்கள் சில இடங்களில் 70 மீட்டர் உயரம் உடையன. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியூழி முடிந்தபின் இவ்விடுக்கு அகழப்பட்டது எனக் கொண்டால், அருவி ஆண்டுக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர் பின்வாங்கியதாகக் கணக்கிடலாம். எனினும், இப்பணி ஒரே சீராக நடைபெற்றிருக்கும் எனக் கருத முடியாது. பனியூழியின் இறுதியில், பனியாறுகளால் தடுக்கப்பட்டிருந்த நீர் திடீரென உடைத்துக்கொண்டு பெருவெள்ளமாகப் பாய்ந்தது. பல ஆண்டுகளில் நிகழக்கூடிய அரிப்பை அத்தகைய வெள்ளங்கள் சில நாள்களிலேயே நிகழ்த்தவல்லவை.

எனவே, அருவி என்பது என்றும் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பொருளன்று. நெருப்பு படைத்து, பனி அரைத்து, நீர் அகழ்ந்து, இன்றைய நிலையில் நம் கண்ணுக்குக் காட்டும் ஒரு நிகழ்வே அது.

தெரிந்து தெளிவோம்

'நீர்வீழ்ச்சி' என்னும் சொல் இன்று பெருவழக்காக உள்ளது. ஆயினும், 'அருவி' என்பதே சங்க இலக்கியங்களில் பயின்றுவரும் பழந்தமிழ்ச் சொல். 'வீழ்ச்சி' என்பது நீரின் விழுதலை மட்டும் சுட்டுகிறது. 'அருவி' என்னும் சொல்லோ மலையும் ஒலியும் ஒழுக்கும் கூடிய முழுக்காட்சியை நம் மனக்கண்முன் நிறுத்துகிறது.

விலை பேசப்பட்ட பொன்

இயற்கை பல்லாயிரம் ஆண்டுகள் செதுக்கிய இவ்வருவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்துபோகும் நிலைக்கு உள்ளானது. அதற்குக் காரணம் எரிமலையன்று, மின்சாரம்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் நீர்மின் ஆற்றலின் பயன் பரவலாக உணரப்பட்டது. உயரத்திலிருந்து விழும் நீர், சுழலியைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். இந்நோக்கில் கண்டவர்களுக்கு ஐஸ்லாந்தின் அருவிகள் வீணாகக் கொட்டும் செல்வமாகத் தோன்றின. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அருவிகளை விலைக்கும் குத்தகைக்கும் கேட்டு வந்தனர். குல்ஃபாஸ் அருவியில் மின்நிலையம் அமைந்திருக்குமாயின், ஆற்றுநீர் திசைதிருப்பப்பட்டு, அருவி இருந்த இடத்தில் வறண்ட பாறைகளே எஞ்சியிருக்கும்.

அருவியின் ஒரு பாதி, அருகிலிருந்த பிராட்ஹோல்ட் என்னும் பண்ணைக்கு உரியது. அதன் உரிமையாளர் தோமஸ் தோமஸ்சன் என்னும் உழவர். ஆங்கிலேயர் ஒருவர் பெருந்தொகை தந்து அருவியை வாங்க முன்வந்தபோது, நண்பனை விற்பது தம் வழக்கமன்று என்னும் பொருள்பட அவர் மறுத்ததாக அந்நாட்டில் வழங்கும் செய்தி கூறுகிறது. எனினும், காலப்போக்கில் அருவியைப் பயன்படுத்தும் உரிமை குத்தகையாக இடைத்தரகர்வழிக் கைமாறி, வெளிநாட்டினரிடம் சென்றது.

இதனை ஏற்காதவர் அவ்வுழவரின் மகள் சிக்ரீதுர் தோமஸ்தோத்திர். 1871இல் பிறந்த அவர் பள்ளிக்குச் சென்று முறையாகப் பயின்றவர் அல்லர். தாமே முயன்று படித்தவர். ஓவியத்திலும் பூத்தையலிலும் வல்லவர். இளமை முதல் அருவியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த அவரும் அவர்தம் சகோதரிகளுமே அருவிக்குச் செல்லும் முதற்பாதையை அமைத்தனர். தொலைவிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றவர்களும் அவர்களே.

குத்தகையை நீக்க வேண்டி, சிக்ரீதுர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ரெய்க்யாவிக் நகருக்குப் பலமுறை சென்றார். இன்றைய நெடுஞ்சாலைகள் இல்லாத காலம் அது. பாலமற்ற ஆறுகளையும் மேடுபள்ளமான எரிமலை நிலங்களையும் கடந்து செல்ல வேண்டியிருந்தது. தம் சேமிப்பைச் செலவிட்டு வழக்கு நடத்தினார். மின்நிலையப் பணி தொடங்கினால் அருவியோடு தம் உயிரும் போகட்டும் என்று கூறும் அளவுக்கு அவர் உறுதியுடன் இருந்ததாகக் கூறுவர். அவருக்குத் துணைநின்ற வழக்கறிஞர் ஸ்வெய்ன் பியோர்ன்சன், பின்னாளில், 1944இல் ஐஸ்லாந்து குடியரசானபோது, அதன் முதல் குடியரசுத் தலைவரானார்.

தெரிந்து தெளிவோம்

தமிழர் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தை இடுவதுபோல், ஐஸ்லாந்து மக்கள் தம் பெயருக்குப் பின் பெரும்பாலும் தந்தையின் பெயரை இணைத்துக்கொள்கின்றனர். மகனாயின் 'சன்' எனவும், மகளாயின் 'தோத்திர்' எனவும் முடியும். தோமஸின் மகள் 'தோமஸ்தோத்திர்' ஆனது இவ்வாறே.

கதையும் உண்மையும்

சிக்ரீதுர் நீதிமன்றத்தில் வென்று அருவியைக் காத்தார் என்று பலரும் சொல்வதுண்டு. கேட்பதற்கு இனிய முடிவு அது. ஆனால், வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. வழக்கில் அவர் விரும்பிய தீர்ப்பு கிடைக்கவில்லை. முதலீட்டாளர்களுக்குப் போதிய பொருள்வளம் இல்லாமையாலும், குத்தகைத் தொகை செலுத்தப்படாமையாலும் ஒப்பந்தம் செயலற்றுப்போனது. அதன்பின் அருவி அரசின் உடைமையாயிற்று. 1979இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் காண சிக்ரீதுர் உயிருடன் இல்லை. 1957இலேயே அவர் மறைந்துவிட்டார்.

அவ்வாறாயின், அவர் பட்ட பாடு வீணா? இவ்வினாவை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். அருவியின் மதிப்பைப் பணத்தாலும் மின்னளவாலும் மட்டுமே எடைபோட்ட காலத்தில், வேறொரு மதிப்பும் உண்டு என்று அவர் உரத்துச் சொன்னார். சட்டம் அதனை அன்று ஏற்கவில்லை. ஆனால், மக்கள் அதனை மறக்கவில்லை. ஒரு தலைமுறையின் தனிக்குரல் அடுத்த தலைமுறையின் பொதுக்கருத்தாகி, பின்பு சட்டமாகவும் ஆயிற்று. அருவியின் மேற்புறத்தில் அவரது முகம் செதுக்கிய நினைவுக்கல் இன்று நிற்கிறது. வழக்கில் வென்றவர்களுக்கு அங்கே நினைவுக்கல் இல்லை.

மின்சாரமும் அருவியும்

இச்செய்தியைக் கொண்டு, மின்சாரம் தீயது எனவோ அணைகள் தேவையற்றவை எனவோ நாம் முடிவுசெய்தல் கூடாது. இன்று ஐஸ்லாந்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சியதைப் புவிவெப்பம் தருகிறது. நிலக்கரியை எரிக்காமல், காற்றை மாசுபடுத்தாமல் அந்நாடு ஒளிபெறுவதற்கு ஆறுகளே காரணம். எனவே, ஓர் ஆற்றைத் தடுப்பதா வேண்டாவா என்பதைவிட, எந்த ஆற்றை, எதற்காக, எவ்வளவு தடுப்பது என்பதே முறையான வினா.

இவ்வினா முடிந்துவிடவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில், அலுமினிய ஆலை ஒன்றுக்கு மின்சாரம் வழங்க 690 மெகாவாட் திறனுடைய பெரும் நீர்மின்திட்டம் உருவாக்கப்பட்டது. வேலைவாய்ப்பு பெருகும் என்று ஒரு சாரார் வரவேற்றனர். பரந்த இயற்கை நிலம் நீரில் மூழ்கும் என்று மற்றொரு சாரார் எதிர்த்தனர். 2006இல் அணையில் நீர் தேக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தலைநகரில் பேரணியாகச் சென்றனர். திட்டம் நிறைவேறியது, அப்பகுதி அருவிகள் சில தம் நீரை இழந்தன. குல்ஃபாஸ் தப்பியது, அவை தப்பவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான், ஓர் அருவி நிலைத்திருப்பது பாறையின் உறுதியால் மட்டுமன்று, மக்களின் முடிவாலும் என்பது தெளிவாகும்.

காண்பவர் கடமை

இன்று குல்ஃபாஸ் அருவியைக் குத்தகைக்குக் கேட்பார் இல்லை. ஆனால், காண வருவோர் பெருகியுள்ளனர். நான்கு லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் வருகின்றனர். அவர்களால் நாட்டின் பொருளாதாரம் வளர்கிறது. அதே வேளையில் நிலம் நலிகிறது. எரிமலைப் பாறைமீது படர்ந்துள்ள பாசி மிக மெல்ல வளர்வது. ஒருவர் பாதையைவிட்டு விலகி அதன்மீது நடந்தால், பெயர்ந்த பாசி மீண்டும் படர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். தென்பகுதியில் உள்ள எழில்மிகு மலையிடுக்கு ஒன்று, புகழ்பெற்ற பாடல் காட்சி ஒன்றில் இடம்பெற்றதால் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. காலடிகளால் அதன் பாசிவெளி சிதைந்தமையால், 2019இல் அவ்விடத்தைச் சில காலம் மூடவேண்டியதாயிற்று. அழகை வெறுத்தவர்கள் அதனைச் சிதைக்கவில்லை. விரும்பி வந்தவர்களே சிதைத்தனர்.

பாதுகாப்பிற்கும் இதே நெறி பொருந்தும். நீர்த்திவலையால் நனைந்த பாறை வழுக்கும். விளிம்பில் காற்று திடீரென வலுக்கும். அங்குக் கட்டப்பட்டுள்ள கயிறு, உயரத்தில் முழங்காலை எட்டாவிட்டாலும் அதன் பொருள் பெரிது. ஒரு நிழற்படத்திற்காக அதனைக் கடப்பவர் தம் உயிரையும், தம்மை மீட்க வருவோர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகிறார்.

நெடுந்தொலைவிலிருந்தும் ஓர் அச்சுறுத்தல் வருகிறது. புவி வெப்பமடைவதால் ஐஸ்லாந்தின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. மேற்குப் பகுதியில் இருந்த 'ஓக்யோகுல்' என்னும் சிறு பனியாறு, நகரும் ஆற்றலை இழந்துவிட்டதால், 2014இல் பனியாறு என்னும் தகுதியை இழந்தது. 2019இல் அவ்விடத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. மனிதருக்கு நினைவுக்கல் நாட்டுவதை நாம் அறிவோம். பனியாற்றுக்கும் அது தேவைப்பட்ட காலம் வந்துவிட்டது. குல்ஃபாஸ் அருவிக்கு நீரூட்டும் லாங்யோகுல் பனியாறும் சுருங்கிக்கொண்டே வருகிறது. சிக்ரீதுர் நடந்து சென்று முறையிட ஒரு நீதிமன்றம் இருந்தது. இவ்வழக்கை முறையிட வேண்டிய இடமோ உலக மக்கள் அனைவரின் மனச்சான்றே.

நிறைவாக

அருவியின் முன் நிற்பவருக்கு முதலில் கிடைப்பது வியப்பு. அதன் தோற்றத்தை அறிந்தபின் கிடைப்பது தெளிவு. அதனைக் காத்தவரின் வாழ்வை அறிந்தபின் எழுவது பொறுப்புணர்வு. இம்மூன்றும் சேர்ந்ததே உண்மையான பயணம். நெருப்பு இட்ட பாறைமீது, பனி தந்த நீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. அதன் கரையில் ஓர் உழவர் மகள் அமைத்த பாதை, இன்று உலகோர் நடக்கும் பாதையாக விரிந்துள்ளது. அப்பாதையில் நடப்பவர் எவராயினும், தாம் வந்தபோது இருந்ததைப் போலவே அருவியை அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் கடன் உடையவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள அருவி, ஆறு, ஏரி ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்து, அது எவ்வாறு தோன்றியது, அதனைக் காக்க எவரெவர் முயன்றனர் என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. 'வழக்கில் தோற்றாலும் சிக்ரீதுர் தோற்கவில்லை' – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. அருவியைக் காண வரும் பயணிகளுக்கு அறிவுறுத்தும் வகையில் அறிவிப்புப் பலகைக்குரிய ஐந்து தொடர்களை எழுதுக.